இருபத்தொன்றரை அங்குலத் திரை

ரஞ்சனி எனக்குக் கீழே ஒன்பது ஆண்டு ஐந்து மாதம் வேலை பார்த்தாள். குன்னூருக்குக் கீழே இருந்த ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையில் நான் தலைமைக் கிளார்க். விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையின் எடையைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. அத்தனை ஆண்டுகளில் அவள் எடையைத் தவறாக ஏற்றியது நான்கு முறை. நான்கையும் அன்றன்று மாலைக்குள் அவளே கண்டுபிடித்து வந்து சொன்னாள். 2021 மார்ச்சில் தொழிற்சாலை மூடப்பட்டது.

அவளுடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். எங்கள் காலனியில் என் வீட்டுக்கு மூன்று வீடு கீழே அவள் வீடு. கணவன் ஜீவா மரம் ஏறுபவன். தொழிற்சாலை மூடிய அதே ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி, சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க ஏறி, இருபத்திரண்டு அடியிலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கையும் வாயும் நன்றாக இருக்கின்றன. ஆனால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் புண் வந்துவிடும்.

அதனால்தான் ரஞ்சனி வீட்டிலிருந்தே செய்யும் வேலையைத் தேடிப் பிடித்தாள். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி. கையால் நிரப்பிய காப்பீட்டுப் படிவங்களின் படம் வரும். அதைப் பார்த்து ஒவ்வொரு கட்டமாகத் தட்டச்சு செய்ய வேண்டும். பதினான்கு அங்குல மடிக்கணினியில் படிவத்தை ஒருமுறை பார்ப்பாள், அதை மறைத்துவிட்டுத் தட்டச்சுப் பக்கத்தைத் திறப்பாள், மறுபடி படிவத்துக்குப் போவாள். ஒரு நாளைக்கு நூற்றுப் பத்துப் படிவத்தைத் தாண்டவில்லை.

2023 நவம்பர் 3, வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடிதம் வந்தது. நவம்பர் 20 முதல் 25 வரை ஆறு நாள் தேர்வு. மொத்தம் 960 படிவம். பிழை நூற்றுக்கு இரண்டுக்குள். தவறினால் வேலை இல்லை. இரண்டு திரை வைத்துக்கொள்வது நல்லது என்று கடைசியில் ஒரு வரி இருந்தது.

அந்தச் செய்தி அங்கம்மா காதுக்குப் போக ஒரு நாள்கூட ஆகவில்லை. மாதத்தின் கடைசி ஞாயிறு எங்கள் பக்கத்துப் பெண்களைத் திருப்பூர் பனியன் கம்பெனி விடுதிக்கு வேனில் அழைத்துப் போகிறவள் அவள். மறுநாளே ரஞ்சனி வீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"கண்ணு, மெசின்ல உக்காந்தாப் போதும். சாப்பாடு, ரூமு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. இவரைப் பாத்துக்க நடுவட்டத்துல அண்ணன் இருக்காரல்ல?"

"இருக்காருங்க," என்றான் ஜீவா கட்டிலிலிருந்து. "எங்கண்ணன் அவரு ஆட்டையே நாளைக்கு ஒருக்காத்தான் எட்டிப் பாப்பாரு. என்னைய ரெண்டு மணிக்கொருக்காப் பாப்பாராக்கும்?"

அங்கம்மா சிரித்தாள். ரஞ்சனி சிரிக்கவில்லை.

என்னிடம் ஒரு பழைய கணினி இருந்தது. திரையும் கணினியும் ஒரே உடம்பாக இருக்கும் வகை, இருபத்தொன்றரை அங்குலம், 2013 ஆகஸ்டில் தொழிற்சாலை அலுவலகத்துக்கு வாங்கியது. மூடும்போது என்னோடு வந்தது. உள்ளே ஏதோ பழுதாகி ஓர் ஆண்டாக அது கிளம்பவில்லை. ஆனால் பொத்தானை அழுத்தினால் திரை வெளுத்து ஒளிரும். திரை நன்றாகத்தானே இருக்கிறது, மடிக்கணினியோடு சேர்த்துவிடலாம் என்று நான்காம் தேதி தூக்கிக்கொண்டு போனேன். அதன் முதுகில் எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தது. ஒயரைச் செருகினோம். ஒன்றும் வரவில்லை. வேறு ஒயர் வாங்கி வந்தோம். அதிலும் வரவில்லை. இரண்டு நாள் அப்படியே போனது.

குன்னூர் பேருந்து நிலையத்துக்கு மேலே கணினி பழுது பார்க்கும் டெனினிடம் கேட்டேன்.

"சார், அந்த ஓட்டை படத்தை வெளிய அனுப்பறதுக்கு. உள்ள வாங்காது. பிரிச்சுத் திரைத் தகட்டை, பேனலை மட்டும் தனியா எடுங்க. பின்னாடி ஸ்டிக்கர்ல நம்பர் இருக்கும். அதுக்கு ஏத்த, படத்தை உள்ள வாங்கற போர்டு கோயமுத்தூர்ல இருந்து வரணும். ஆனா தீபாவளி வருதே சார், பதினாறுக்கு முன்னால கூரியரை எதிர்பாக்காதீங்க."

வந்து சொன்னேன். ஜீவா கேட்டுவிட்டு, "அப்ப ரெண்டுமே பேசற சாதி. கேக்கறதுக்கு ஆளில்லை. நம்ம ஊடு மாதிரியே இருக்குதுங்க கிளார்க்கையா," என்றான்.

பிரித்தவன் அவன்தான். செவ்வாய்க்கிழமை, மார்புக்குக் குறுக்கே பலகை வைத்து, அதன்மேல் கணினியைக் கவிழ்த்து, மூன்று மணி நேரம். கழற்றிய இருபத்தாறு திருகுகளையும் அளவு வாரியாக இட்லித் தட்டின் குழிகளில் போட்டான். பேனல் முழுசாக வெளியே வந்தது. அதன் எண்ணை மூன்று தடவை சரிபார்த்து எழுதிக்கொண்டு போய் டெனினிடம் கொடுத்தேன்.

மறுநாள் மழை பிடித்தது. வியாழக்கிழமை மட்டும் என் மழைமானியில் அறுபத்து மூன்று மில்லிமீட்டர். மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து போயிற்று. ஈரம் மட்டும் படக்கூடாது என்று டெனின் சொல்லியிருந்தான். பேனலைக் கட்டிலுக்கு அடியில் துணி சுற்றி வைக்கலாம் என்றான் ஜீவா. நான் வேண்டாம் என்றேன். எங்கள் பக்கம் துணியும் சான்றிதழும் பூசணம் பிடிக்காமலிருக்க இரும்பு அலமாரியின் அடியில் பழைய குண்டு பல்பு ஒன்றை இரவும் பகலும் எரியவிடுவது வழக்கம். புது எல்இடி பல்பு சூடு தராது என்பதால் குண்டு பல்பைத் தேடிப்பிடித்து வைத்திருப்போம். ரஞ்சனி வீட்டு அலமாரியில் அறுபது வாட். அதற்கு நேர் மேலே உள்ள தட்டில் பேனலைப் படுக்க வைக்கச் சொன்னவன் நான். ஒன்பது நாள் அது அங்கே இருந்தது.

பதினேழாம் தேதி போர்டு வந்தது. ஜீவா பேனலின் நாடா ஒயரை அதில் செருகினான், மின்சாரம் கொடுத்தான், மடிக்கணினியின் படம் திரையில் வந்தது. ரஞ்சனி கை தட்டினாள். தட்டிய கை பாதியில் நின்றது.

திரையின் கீழ்ப்பகுதியில், இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை, ஒன்பது சென்டிமீட்டர் உயரத்துக்குப் பழுப்பாகக் கறை. அங்கே எழுத்து நெளிந்து கரைந்தது. அலைபேசியில் டெனினுக்குக் காட்டினேன்.

"சார், பல்பு மேலயா வெச்சீங்க?" என்றான் டெனின். "உள்ள பூராவும் பிளாஸ்டிக் தாள் சார். வெந்திருச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாது," என்றான்.

நான் ரஞ்சனியின் முகத்தைப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த உயரத்தில் படிவத்தின் பாதிதான் தெரியும். மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தால் பழைய வேகம்தான். தேர்வுக்கு இடையில் இரண்டு நாள்.

"நான் அங்கம்மாக்காகிட்டப் பேரு குடுத்துடறேனுங்க கிளார்க்கையா," என்றாள். அழவில்லை. இலை எடை சொல்வதுபோலச் சொன்னாள். "அவரு அண்ணனுக்குப் போன் பண்ணுங்க. நான் பேசுனா ஏதாச்சும் சொல்லிடுவேன்."

ஜீவா கழற்றிய திருகுகளை இட்லித் தட்டிலிருந்து ஒரு டப்பாவில் கொட்டினான்.

மணி இரண்டு. அவனைப் புரட்டும் நேரம். ரஞ்சனி தோளைப் பிடித்தாள், நான் இடுப்பைப் பிடித்தேன். ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையணையை முதுகுக்குக் கொடுத்தோம். அவன் முகம் திரைப் பக்கம் இருந்தது.

"புள்ள, அதை அணைக்காத," என்றான்.

"ஏனுங்க, இனி என்ன பாக்கறது?"

"எனக்கு இப்பக் கறை கீழ இல்ல. ஓரமா நிக்குது. அதை நட்டமா நிறுத்து. உன்ர படிவமும் நட்டமாத்தான இருக்குது?"

அளந்து பார்த்தேன். செங்குத்தாக நிறுத்தி வைத்தால் கறை போக அகலம் பதினேழரை சென்டிமீட்டர், உயரம் நாற்பத்தேழு. முழுப் படிவமும் தலை முதல் கையெழுத்து வரை அதில் அடங்கும். படத்தைத் திருப்பும் இடத்தை மடிக்கணினியில் கண்டுபிடிக்க ரஞ்சனிக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. பேனலை நிறுத்த ஜீவா மரப்பெட்டிப் பலகையில் நீளப் பள்ளம் வெட்டிக் கொடுத்தான்.

தேர்வின் முதல் நாள், திங்கட்கிழமை 138 படிவம். செவ்வாய் 152. கழுத்தைத் திருப்பிப் பழகப் பழக வேகம் கூடிற்று, புதன் 163. வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு மரம் விழுந்து மின்சாரம் போய், மதியம் ஒன்று ஐந்துக்குத்தான் வந்தது. அன்று 121. வெள்ளிக்கிழமை சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டே அடித்து 188. கூட்டினால் 762. சனிக்கிழமை 198 வேண்டும். அவள் ஒருநாளும் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவனைப் புரட்டிவிட்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு மணிக்கு எழுந்தவளை ஜீவா தடுத்தான்.

"உக்காரு. கிளார்க்கையா புரட்டுவாரு."

எனக்கு எழுபத்து நான்கு வயது. தனியாக முயன்றேன், முடியவில்லை. வெளியே போய் ஆள் கூப்பிடுகிறேன் என்றேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "சும்மா இருங்க. வர்றவன் கதை பேசுவான், அவ கை நிக்கும். எனக்குத்தான் அங்க ஒண்ணும் தெரியாதே."

அவளிடம், "புரட்டியாச்சு புள்ள," என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை. மணி இரண்டும் தாண்டியது, நான்கும் தாண்டியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நாற்பதுக்கு 201 என்று சொல்லிவிட்டு மேசைமேல் தலையைச் சாய்த்தாள்.

மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கு அலைபேசியில் கம்பெனியின் பதில் வந்தது. மொத்தம் 963, பிழை 17. வேலை ஒரு மாதத்துக்கு நீட்டிக்கப்படுகிறது; டிசம்பர் கடைசி வாரம் மறு தேர்வு; அப்போது ஒரு நாளைக்கு 175 படிவம். அவள் அதை எனக்குப் படித்துக் காட்டியபோது ஒரு கையில் அலைபேசியும் மறு கையில் மருந்துப் பஞ்சும் இருந்தன. ஜீவாவின் இடது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து, நடுவில் ஓரிடத்தில் வெடித்திருந்தது.

"புரட்டியாச்சுன்னு சொன்னீங்களே," என்றாள்.

"சொன்னேன். புரட்டினாங்கன்னு நீயா நெனச்சுக்கிட்டா நான் என்ன பண்ண?"

"வாயை மூடுங்க."

வெளியே வேனின் ஹாரன் கேட்டது. அங்கம்மா குடையை மடக்கியபடி வாசலில் நின்றாள். "என்ன கண்ணு, பை கட்டிட்டியா?"

ரஞ்சனி புண்ணிலிருந்து கையை எடுக்காமலே பதில் சொன்னாள். "இந்த மாசம் இல்லீங்கக்கா."

"அப்ப அடுத்த மாசம்?"

ரஞ்சனி நிறுத்தி வைத்த திரையைப் பார்த்தாள். அது அணைந்திருந்தது.

"முப்பத்தொண்ணாந் தேதி ஞாயித்துக்கெழமதானுங்களே?" என்றாள். "ஒரு எட்டு வந்து கேட்டுட்டுப் போங்க."