சுவரில் இரண்டு சதுரங்கள்

என் சித்தப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு சுவரை முடித்துவிடுவதால் எல்லோரும் அவரை ‘மின்னல்’ என்பார்கள். என் அப்பாவும் அதே வேலைதான் செய்தார். வெளிர் நிறங்களைப் பிரித்துப் பார்க்க முடியாமல் போனதுதான் அப்பாவின் பார்வை போகத் தொடங்கியதற்கு முதல் அறிகுறி. இப்போது சாப்பாட்டுத் தட்டையே தடவித்தான் கண்டுபிடிக்கிறார். அதனால் சித்தப்பாவுக்குத் தன் கண்ணை நினைத்தாலே பயம்.

போன மாதம் ஒரு படுக்கையறை வேலை. பால் வெள்ளையா, தந்த வெள்ளையா என்று வீட்டுக்கார அம்மாவால் முடிவு செய்ய முடியவில்லை. சித்தப்பா ஜன்னலோரச் சுவரில் ஒரு சதுரம் அடித்தார். நடுவில் போன் வந்தது. பேசிவிட்டு வந்து பக்கத்திலேயே இன்னொன்று அடித்தார். காய்ந்த பிறகு பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். அப்போதும் அப்படியேதான்.

“வலது பக்கம் லேசா மஞ்சளா, நல்லா இருக்குல்ல?” என்றார் அந்த அம்மா.

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது,” என்றார் அவர் கணவர்.

“உங்களுக்கு உப்புக்கும் சர்க்கரைக்குமே வித்தியாசம் தெரியாது. மின்னலண்ணே, நீங்க சொல்லுங்க.”

“வெளிச்சம் மாறட்டும்மா,” என்று சமாளித்தார் சித்தப்பா.

அவர்கள் போனதும் டப்பாக்களை மூடக் குனிந்தார். தந்த வெள்ளை டப்பாவின் மூடி திறக்கப்படவே இல்லை. போன் பேசிவிட்டு வந்த அவசரத்தில் அதே பால் வெள்ளையைத்தான் இரண்டாவது முறையும் தொட்டிருக்கிறார்.

போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் பாதிதான் வந்தது. அந்த மூடியைத் திறந்து மூன்றாவது சதுரம் அடித்தார். இனிமேல் சாக்குச் சொல்ல முடியாது. காயும்வரை சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்லத் திரும்பினார். மூன்றாவது சதுரத்தில் மட்டும், இருக்கிறதா இல்லையா என்பதுபோல மெல்லிய மஞ்சள்.

“முன்னாடி ரெண்டும் ஒரே டப்பாம்மா. என் தப்புதான்,” என்று அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“அப்ப நான் பார்த்த மஞ்சள்?”

“அதை என்கிட்ட கேக்காதே. எனக்குத்தான் உப்பு, சர்க்கரையே தெரியாதே,” என்றார் கணவர்.

அன்று சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தாராம். ஆனால் இப்போதெல்லாம், வீட்டுக்காரர் நிறத்தை முன்பே சொல்லிவிட்டாலும், மூலையில் பால் வெள்ளையில் ஒன்றும் தந்த வெள்ளையில் ஒன்றுமாக இரண்டு சதுரங்கள் அடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார். காய்ந்ததும் உடனே திரும்பிப் பார்ப்பதில்லை.