ஆவாரம்பூ கட்டம் கட்டமாக உதிர்ந்த வாரம்

நாரணாபுரத்துக்கு வெளியே உள்ள ஒரு பட்டாசு ஆலையில் நான் மேலாளர். சோதனைக்காக எது வெடித்தாலும் டைரியில் எழுதிவிடுவேன். ஏறிய உயரம், நிறம், எரிந்த நேரம், காற்றின் திசை, யார் யார் நின்றார்கள், யார் காதைப் பொத்தினார்கள். கடைசி விவரத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் என்னிடம் இருக்கிறது.

எங்கள் போர்மேன் எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வானவெடி செய்தார். மேலே போய் விரிந்ததும் பொடிப்பொடியாகத் தங்கப் பொறிகள், ஒன்றையொன்று இடிக்காமல் மெதுவாக இறங்கி, சரசரவென்று அவியும். அதற்கு ஆவாரம்பூ என்று பெயர் வைத்தார். என் குறிப்பு இப்படி இருக்கிறது: 'புதன், மாலை 7.05. பதினொரு நொடி. புகை குறைவு. முதலாளியம்மா ‘ம்’ என்றார்.' அவர் ‘ம்’ என்பது மற்றவர்கள் எழுந்து நின்று கைதட்டுவதற்குச் சமம்.

ஆனால் ‘ம்’ மட்டும் போதாது. விலைப்பட்டியல் அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அதற்குள் மொத்த வியாபாரிகளில் ஒருவராவது ஆர்டர் தர வேண்டும். தராவிட்டால் பட்டியலில் இடமில்லை, லேபிள் இல்லை, பெட்டி இல்லை. போர்மேனின் ஷெட்டில் பழையபடி சாட்டை மத்தாப்பு போட வேண்டியதுதான். "சாட்டை போட நான் எதுக்கு அண்ணாச்சி? என் கைய மட்டும் அனுப்பிவிட்டாப் போதும், அதுவே போட்டுரும்" என்றார் அவர்.

முன்பெல்லாம் வியாபாரிகள் நேரில் வந்து, வானத்தைப் பார்த்து, புரோட்டா சாப்பிட்டுப் போவார்கள். இப்போது வீடியோ கேட்கிறார்கள். புரோட்டாச் செலவு மிச்சம் என்று நாங்களும் வருந்தவில்லை. அந்தப் புதன்கிழமை வெடியை என் செல்போனில் நானே படம் எடுத்திருந்தேன். ஆரம்பத்தில் சுழன்று வரும் எழுத்துகள், நாதஸ்வரம், பூ தூவுவது எல்லாம் சேர்த்து வியாபாரிகளின் குழுவில் போட்டேன்.

முதல் பதில் திருச்சி மொத்த வியாபாரியிடமிருந்து வந்தது. "என்ன சார், வானத்துல கடலைமிட்டாய் காய வச்சிருக்கீங்களா?"

திறந்து பார்த்தேன். வெடி விரியும் இடத்தில் மஞ்சள் கட்டங்கள். பொறி ஒன்றுகூட இல்லை. சரசரப்புக்குப் பதிலாக யாரோ வாய் கொப்பளிக்கும் சத்தம்.

முதலாளியம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு போர்மேனைப் பார்த்தார். "ஏப்பா, நேத்து நல்லாத்தான இருந்துச்சு. மருந்துல ஈரம் கீரம் ஏறிருச்சா?"

"அக்கா, நீங்களும் பக்கத்துலதான நின்னீக!"

"நின்னேன். வயசாகுதுல்ல, கண்ண நம்ப முடியுமா?"

எட்டு மாத உழைப்பு. நேற்று எல்லோரும் பார்த்த வெடி. இன்று ஒரு செல்போன் அதைப் பொய்யாக்கிவிட்டது. போர்மேன் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. மருந்தில் தப்பில்லை என்பதற்கு டைரி சாட்சி. படம் எடுத்தது நான். அப்படியென்றால் தப்பு என் பக்கம்தான்.

குழுவில் வீடியோவாகப் போட்டால் அது தானாகச் சுருங்கும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும் என்று கேள்விப்பட்டு, திருச்சிக்காரருக்கு மூலப்படத்தை அனுப்பினேன். "சத்தம் மட்டும் வருது. ரேடியோ நாடகமா?" என்று கேட்டார். கோப்பின் பெயருக்குப் பின்னால் எம்ஓவி என்று இருந்தது. அதை அழித்து எம்பி4 என்று தட்டி மறுபடி அனுப்பினேன். எங்கள் தொழிலில் இது குற்றமே அல்ல. ஒரே கம்பி மத்தாப்பு ஒரு ஊருக்கு மயில் லேபிளில் போகும், இன்னொரு ஊருக்கு ரோஜா லேபிளில் போகும். கொளுத்துகிறவர் கேட்பதில்லை. திருச்சிக்காரரின் போன் மட்டும் கேட்டது. இந்தத் தடவையும் சத்தம் மட்டும்தான்.

மறுநாள் காலை 9.40 பஸ்ஸில் விருதுநகர் போய், கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரைப் பிடித்தேன். மிளகாய் மண்டிக்கு மேல் மாடியில் அவர் கடை. பேச்சுக்கு நடுவே இருவரும் தும்மிக்கொண்டோம்.

"எம்பி4ங்கிறது பெட்டி அண்ணாச்சி. உள்ள இருக்க சரக்குதான் கோடெக், அதாவது படத்தச் சுருக்குத மொறை. உங்க போன் புது மொறையில சுருக்கியிருக்கு. அவரு போன் பழசு, அதுக்கு அத விரிக்கத் தெரியல. நீங்க பெட்டிக்கு லேபிள மாத்தி என்ன செய்ய?"

"அது சரி. குழுவில் போட்டது திறந்ததே? அதில் ஏன் கட்டம்?"

அவர் உற்சாகமாகிவிட்டார். கோடெக் எல்லாப் படத்தையும் முழுதாக வைத்துக்கொள்ளாதாம். ஒரு படத்தை வைத்துக்கொண்டு, அடுத்ததில் என்ன மாறியது என்று மட்டும் குறித்துக்கொள்ளுமாம். டைரிக்காரனான எனக்கு இது உடனே புரிந்தது. நானும் 'முதலாளியம்மா நேற்றுப் போலவே' என்றுதான் பல நாள் எழுதுகிறேன்.

"கல்யாண மேடைல மாப்பிள்ள உக்காந்திருக்காரு பாருங்க, கோடெக்குக்கு அவருதான் கொலசாமி. மூணு மணி நேரம் தலயத் திருப்ப மாட்டாரு. சுருக்கு சுருக்குன்னு சுருக்கிரலாம். ஊர்வலத்துல உங்க ஊரு வெடியப் போட்டாகன்னா செத்தோம். அம்புட்டுப் பொறியும் ஒவ்வொரு படத்துலயும் எடம் மாறுது. எல்லாத்தையும் எழுத எடம் பத்தாது. அதான் மொத்தமா ஒரு கட்டத்த வரஞ்சு, இம்புட்டும் மஞ்சள்னு எழுதிட்டுப் போயிருது."

"சத்தம்?"

"அதுலயும் அப்படித்தான். காதுக்கு அவசியமில்லன்னு அது நெனைக்கிறத வெட்டிரும். உங்க சரசரப்பு அதுக்கு அவசியமில்ல."

என் சுழலும் எழுத்துகளும் தூவிய பூக்களும் இருக்கிற கொஞ்ச இடத்தையும் முன்கூட்டியே தின்றுவிட்டதையும் சொன்னார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

அன்று மாலை 7.10-க்கு மறுபடி எடுத்தோம். போன் முக்காலியில். நாதஸ்வரம் இல்லை, பூ இல்லை. விருதுநகர்க்காரர் சொன்னபடி பழைய போனிலும் திறக்கும் எச்.264 முறையில், தாராளமாக இடம் கொடுத்துச் சுருக்கி, திருச்சிக்காரருக்கு ஆவணமாக அனுப்பினேன். இறங்கும்போது பொறி பொறியாகத் தெரிந்தது. விரியும் முதல் நொடியில் மட்டும் இன்னும் இரண்டு கைக்குட்டை அளவுக்குக் கட்டம்.

முதலாளியம்மா யோசித்தார். "ஏப்பா, பொறியப் பாதியாக் கொறச்சிட்டா கட்டம் விழாதுல்ல?"

நியாயமாகப் பார்த்தால் விழாது. நான் முக்காலியை மடிக்கத் தொடங்கினேன்.

"கொறச்சா அது ஆவாரம்பூ இல்லக்கா, வேலிமுள்ளு" என்றார் போர்மேன். "போனுக்கு வெடி செய்யவா நான் இம்புட்டு நாளு கெடந்தேன்? அதுக்குச் சாட்டயே போட்டுருவேன்."

"கோவிக்காத. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஆர்டர் வரலன்னா கொறச்சிரு. இல்லன்னா ஆவாரம்பூவயே விட்டுரு."

சனிக்கிழமை திருச்சிக்காரர் பேசினார். விருதுநகரில் உறவினர் வீட்டுக் காதுகுத்து, முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன் என்றார். "படம் தெரியுது. கொஞ்சம் பரவாயில்லை. ஆனா சந்தேகமா இருக்கு."

ஞாயிறு மாலை 6.50-க்கு வந்தார். முதலாளியம்மா, போர்மேன், நான், அவர். தண்ணீர் வாளி, மணல் வாளி. போர்மேன் திரியைக் கொளுத்திவிட்டு ஓடி வந்தார். ஆவாரம்பூ மேலே போனது, விரிந்தது. திருச்சிக்காரர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பதினொரு நொடியும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவியும்வரை தலையை நிமிர்த்தவே இல்லை. எடுத்ததை உடனே ஓட்டிப் பார்த்து, "இதுலயும் கட்டம் விழுதே சார்" என்றார்.

முதலாளியம்மா என்னைப் பார்த்தார். நான் கோடெக்கைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் போர்மேன் இன்னொன்றை நட்டு, திரியைக் கொளுத்திவிட்டு ஓடி வந்து, திருச்சிக்காரரின் கையிலிருந்த போனைத் தன் உள்ளங்கையால் மூடினார்.

"மொதலாளி, கோவிக்காதீக. இந்த ஒண்ண மட்டும் கண்ணால பாருங்க."

வெடி போனது. திருச்சிக்காரருக்கு வேறு எங்கும் பார்க்க வழியில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கடைசிப் பொறி அவியும் வரைக்கும் அந்த ஆள் அசையவில்லை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார். எந்தக் கோடெக்கும் அவரை நொடியில் சுருக்கியிருக்கும்.

பிறகு என் பக்கம் திரும்பிக் கோபமாகக் கேட்டார்.

"ஏன் சார், இதை மொதல்லயே வீடியோ எடுத்து அனுப்பியிருக்கலாம்ல?"

முதலாளியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் நடந்துவிட்டார். போர்மேன் மணல் வாளியைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார், அவர் முதுகு குலுங்கியது. நான் மட்டும் சிரிக்காமல், தவறுக்கு வருந்துகிறேன் என்று சொல்லி, பெட்டி எத்தனை என்று கேட்டேன்.