நாய்க்குச் சொன்ன வைத்தியம்

எண்பதுகளின் கடைசியில், லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற பகுதியில், எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் கள்ளர் புகுந்தார்கள். உடனே என் கணவர் ஒரு நாயைக் கொண்டுவந்து பின்வளவில் கட்டினார். யாழ்ப்பாணத்தில் நாய் வளர்ப்பதென்றால் அவ்வளவுதான். மிஞ்சிய சோறும் மீன்குழம்பும் வைப்போம். மற்றதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். விடிந்ததும் தானாகவே ஊர் சுற்றிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் தவறாமல் வந்துவிடும். நாயை ஒருவர் நடக்கக் கூட்டிப்போக வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

இந்த நாய் எங்களைச் சிரிக்க விடவில்லை. பகல் முழுக்கக் குரைத்தது. குளிருக்கு இரங்கி உள்ளே விட்டால் சோபாவைக் கடித்துப் பஞ்சை எடுத்தது. என் கணவர் காலில் போடும் சப்பாத்தில் மூன்று சோடியைத் தின்றது. பசியாக்கும் என்று நான் இன்னும் ஓர் அகப்பை சோறு வைத்தேன். அதையும் தின்றுவிட்டுப் புதுத் தெம்போடு குரைத்தது. கவுன்சிலுக்கு எழுதப்போவதாகப் பக்கத்து வீட்டு அம்மா சொன்ன பிறகுதான் மிருக வைத்தியரிடம் போனோம்.

வைத்தியர் காது, பல், வயிறு எல்லாம் பார்த்தார். நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, பொழுது போகாத அலுப்புத்தான் என்றார். நாள் முழுக்க ஒரே நாலு சுவர், துணைக்கு ஆள் இல்லை, யோசிக்க ஒரு வேலை இல்லை, எந்தப் பிராணிக்கும் விசர் பிடிக்கும். காலையும் மாலையும் நடக்க வேண்டும், ஒவ்வொரு நாளும் வேறு தெருவால் போக வேண்டும், கண்டதையெல்லாம் மூக்கை வைத்து மணக்க விடவேண்டும், மற்ற நாய்களோடு பழக விடவேண்டும், சாப்பாட்டை ஒளித்துவைத்துத் தேட விடவேண்டும். என் கணவர் ஊரில் வங்கியில் வேலை செய்தவர். ஒன்றும் விடாமல் ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். லண்டனுக்கு வந்து இரண்டு வருடம். அந்த நாலு சுவரையும் நாயைவிட எனக்கு நன்றாகத் தெரியும். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

கடித உறை பிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டது. அவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஆகவே மருந்து நாய்க்கு, கொடுக்கும் வேலை எனக்கு.

அதுவரை சாமான் வாங்கக்கூட அவரோடுதான் போவேன். ஒரு பெண் தனியே திரிந்தால் எங்கள் ஆட்கள் கதைப்பார்கள். நாயோடு திரிந்தால் அது வைத்தியம். சேலைக்கு மேல் அவருடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். நாய் கம்பங்களை மணந்தது, நான் ஜன்னல்களைப் பார்த்தேன். நாய் மற்ற நாய்களோடு பழக, நான் அவற்றின் சொந்தக்காரரோடு பழகினேன். மழையைப் பற்றிய பேச்சில் தொடங்கிய என் ஆங்கிலம் ஒரு மாதத்தில் அவர்களுடைய முழங்கால் வலி, மருமகள் வரைக்கும் போய்விட்டது. வீட்டில், பொரித்த நெத்தலியைப் பூச்சட்டிகளுக்குள் ஒளித்துவைத்தேன். ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துவிட்டு, ஒரு கெட்டிக்காரியைப் பார்ப்பதுபோல நாய் என்னைப் பார்க்கும். அப்படி என்னை யாரும் பார்த்து நாளாகியிருந்தது.

கணவர் இடைவேளையில் போன் எடுத்து, நாய் வெளியே போனதா, சந்தோஷமாக இருக்கிறதா என்று விசாரிப்பார். இருக்கிறது என்பேன்.

மூன்று மாதத்தில் நாய் குணமாகிவிட்டது. அதுதான் வில்லங்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கடித உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டார். என்னைத் தெருத்தெருவாகக் காண்பதாக, நாங்கள் சாமான் வாங்கும் கடைக்கார அண்ணை அவரிடம் சொல்லியிருக்கிறார்.

"இனி அதுக்குச் சுகம்தானே. நீர் ஏன் வீணா அலையிறீர்?" என்றார்.

நாயும் நானும் நாலு நாள் வீட்டில் இருந்தோம். நாய் ஒரு முறைப்பாடும் இல்லாமல் படுத்துக் கிடந்தது. அவ்வளவு நன்றாகப் பழக்கிவிட்டேன். ஐந்தாம் நாள் எனக்குப் பொறுக்க முடியவில்லை. அவருடைய புதுச் சப்பாத்தை எடுத்து அதன் வாயருகில் வைத்தேன். மணந்து பார்த்துவிட்டு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டது. வேறு வழியில்லாமல், தேங்காய் திருவும் திருவலையில் நானே ஏறி உட்கார்ந்தேன். நல்ல தடித்த தோல். குதிகால் பக்கத்தை, பாதித் தேங்காயைப் பிடிப்பதுபோலப் பிடித்து, சுற்றிவரத் திருவி எடுத்தேன். பிறகு திருவலையைக் கழுவித் துடைத்தேன். சப்பாத்தை நாயின் படுக்கையில் வைத்து, அதனிடம் மன்னிப்புக் கேட்டு, நாலு நெத்தலி கூடுதலாகக் கொடுத்தேன்.

மாலையில் அவர் சப்பாத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். நாய் என்னைப் பார்த்தது. ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ குனிந்து நாயின் தலையைத் தடவினார்.

"பாவம், அடைச்சு வைச்சால் அது என்னத்தைச் செய்யும்? நாளைக்கே வெளியில கூட்டிக்கொண்டு போம்."

"ஓம்" என்றேன். அவர் அவ்வளவு இரக்கமாகப் பேசி அந்த இரண்டு வருடத்தில் நான் கேட்டதில்லை.