பெட்டி டாக்டரின் அண்ணன்

எங்கள் மருத்துவமனையில் அவருக்குப் பெட்டி டாக்டர் என்று பெயர். கல்லீரல் மாற்று அறுவை செய்கிறவர். இறந்தவரிடமிருந்து எடுத்த கல்லீரல் பனிக்கட்டியில் அதிக நேரம் தாங்காது. அவர் ஆராய்ச்சி செய்து உருவாக்கிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, உடம்புச் சூட்டில் ரத்தம் ஓடவிட்டால் இரண்டு மடங்கு நேரம் கெடாமல் இருக்கும். நல்ல வேலைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் பேச்சைக் கேட்டால் கல்லீரலையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று தோன்றும். மந்திரி வந்தாலும் சரி, குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தாலும் சரி, கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பெட்டியைக் காட்டிவிடுவார்.

என் வேலை, மூளைச்சாவு அடைந்தவர்களின் குடும்பத்தாரிடம் உறுப்புகளைக் கேட்பது. அழுதுகொண்டிருப்பவர்களின் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். யாராவது யோசித்துச் சொல்கிறோம் என்றால் போதும், பெட்டி டாக்டர் என்மேல் எரிந்து விழுவார்.

"உனக்குப் பேசத் தெரியல. செத்தப்புறம் என்ன யோசனை? முட்டாள் ஜனங்க."

ஒருநாள் அவருடைய சொந்த அண்ணனே மாடிப்படியில் வழுக்கி விழுந்து எங்களிடம் வந்தார். மூளைச்சாவு உறுதியானது. அவருடைய மனைவியிடம் போய்க் கேட்டேன். அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எடுத்துக்குங்கம்மா. அவரு யாருக்கும் இல்லன்னு சொன்னதே இல்ல. கொழுந்தனார்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அவருக்குத் தெரியாததா?"

மேல் மாடியில் ஒரு டீச்சர் கல்லீரல் கெட்டு, உடம்பெல்லாம் மஞ்சள் பூத்துப் படுத்திருந்தார். அண்ணனின் கல்லீரல் அவருக்குப் பொருந்தும். கிடைக்காவிட்டால் அந்த வாரத்தைத் தாண்டமாட்டார். அவருடைய கணவர் வராந்தாவில் எங்களில் யாரைப் பார்த்தாலும் எழுந்து நின்றுவிடுவார்.

பெட்டி டாக்டரின் அறைக்குப் போனேன்.

"சார், உங்க அண்ணி சரின்னுட்டாங்க."

"அவங்களுக்கு என்ன தெரியும்? காலைல பாக்கலாம்."

"பிரஷர் இறங்கிட்டே இருக்கு சார்."

"அவன் என் அண்ணன்! கூறு போடச் சொல்றியா?"

கூறு போடுவதாம். இத்தனை வருஷமாக மற்றவர்களின் அண்ணன்களை இவர் என்ன செய்துகொண்டிருந்தாராம்? அழட்டும், அதில் தப்பில்லை. அந்த அண்ணியும் அழுதுகொண்டேதான் சரி என்றார்.

காலையில் அவர் வருவதற்குள் அண்ணனின் இதயம் நின்றுவிட்டது. கீழே, அவருடைய மாணவர்கள் தயாராக வைத்திருந்த பெட்டி வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. யாரோ போய் சுவிட்சை அணைத்தார்கள்.

வாரக் கடைசியில் டீச்சர் இறந்துபோனார். கணவர் தானாகவே என்னைத் தேடி வந்தார்.

"அவ கண்ணு நல்லா இருந்தா எடுத்துக்குங்கம்மா."

"யோசிச்சுச் சொல்லுங்க சார்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? வாங்கிக்கத்தானே இங்க காத்துக் கெடந்தோம். குடுக்கறதுக்கு மட்டும் யோசிக்கறதா?"

அடுத்த மாதம் மருத்துவமனையில் ஒரு கூட்டம். பெட்டி டாக்டர் மேடையில் முழங்கினார். குடும்பங்களின் தயக்கத்தால்தான் உறுப்புகள் வீணாகின்றனவாம். எல்லாரும், கூட்டத்தில் உட்கார்ந்திருந்த டீச்சரின் கணவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். நாக்கு கொஞ்சமாவது கூச வேண்டாமா? முன்வரிசையில் அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

பேசி முடித்துக் கீழே இறங்கி, கைகுலுக்க அந்தக் கணவரை நோக்கி வந்தார். வீணாய்ப்போன அந்தக் கல்லீரலைப் பற்றிக் கணவரிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. டாக்டர் வருவதைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றார்.