ஈயம் உருக்கிய மூசை

1. முதல் நாள்

நகை வேலை படிக்கப் போன எனக்கு முதல் நாள் கையில் கிடைத்தது, எரிந்துபோன நீர்ப்பம்பி மோட்டாரின் சுருள். அதிலிருந்து செப்புக் கம்பியைப் பிரித்து, நெருப்பில் காட்டி, மேல்பூச்சை எரித்துச் சுத்தமாக்க வேண்டும். பவுணைத் தொடலாம் என்ற ஆசையில் கொழும்புத்துறையிலிருந்து சுன்னாகம் வரை சைக்கிள் உழக்கி வந்தவள் நான். கம்பியைக் கண்டதும் முகம் தொங்கிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். போர்க்காலம், எங்கள் பக்கத்துக்குச் சாமான் வரவிடாத பொருளாதாரத் தடை. சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டு விறாந்தைதான் எங்கள் பட்டறை. ஐந்து பெண் பிள்ளைகள். படிப்பித்தவரை மாஸ்ரர் என்று கூப்பிடுவோம். நாற்பது வயதிருக்கும். நல்ல வேலைக்காரர், பொல்லாத கோபக்காரர்.

"என்ன பிள்ளை, முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிக்கிறீர்? செம்பிலை கை பழகாத ஆளுக்குப் பவுண் என்னத்துக்கு?" என்றார்.

வாயை மூடிக்கொண்டு கம்பியைப் பிரித்தேன். ஆனால் எனக்குச் சும்மா இருக்க வராது. சொன்னதை மட்டும் செய்தால் கை அரிக்கும். அசிட் கிடைக்காது, ஆகவே பற்றவைத்த செம்பின் கறுப்பைப் போக்கப் பழப்புளிக் கரைசலைச் சூடாக்கிப் பார்த்தேன். போனது. மண்ணெண்ணெய் இல்லை, இலுப்பெண்ணெய் விளக்கில் ஊதுகுழல் ஊதிப் பார்த்தேன். கண் எரிந்தது, வேலை நடந்தது. அம்மாவின் மா அரிதட்டு ஓட்டையாகிப் போக, அதன் கம்பி வலையைச் செப்புத் தகட்டில் வைத்து அடித்தேன். தகடு முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டங்கள் விழுந்தன. அந்தத் தகட்டில் ஒரு சோடித் தோடு செய்தேன். அம்மா தோட்டைப் பார்க்கவில்லை, "என்ரை அரிதட்டு எங்கை?" என்றுதான் கேட்டார்.

2. கணவாய் ஓடு

எங்கள் கரையில் கணவாய் மீனின் ஓடு, நகம் பட்டாலே பதிகிற மெது ஓடு, வெள்ளை வெள்ளையாக ஒதுங்கிக் கிடக்கும். கிளி வளர்ப்பவர்கள் கூட்டில் கொழுவப் பொறுக்கிப் போவார்கள். ஒரு நாள் ஓர் ஓட்டில் சோகி, அதாவது சோழி, ஒன்று அழுந்திக் கிடந்தது. எடுத்தேன். சோகியின் அச்சு, அதன் பல் வரிசை உட்பட, ஓட்டில் அப்படியே பதிந்திருந்தது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஓட்டை இரண்டாக அறுத்து, தரையில் தேய்த்து மட்டமாக்கி, நடுவில் சோகியை வைத்து அமத்தி எடுத்தேன். உலோகம் ஊற்ற ஒரு வாய்க்கால் வெட்டினேன். ஊற்றுவதற்கு என்ன இருக்கிறது? கடலுக்குப் போகத் தடையென்பதால் அப்பாவின் வலை வீட்டின் பின்கோடியில் சுருண்டு கிடந்தது. அதிலிருந்து நாலைந்து ஈயக் குண்டுகளைக் கழற்றினேன்.

மாஸ்ரர் வெளியே போன நேரம் பார்த்துத்தான் உருக்கினேன். பட்டறையில் மூன்று மூசைதான் இருந்தன. மூசை என்றால் பொன் உருக்குகிற சின்ன மண் கிண்ணம். புதிது கொழும்பிலிருந்து வர வழியில்லை என்பதால் மாஸ்ரர் அவற்றை எங்களைத் தொடவிடுவதில்லை. நான் தொட்டேன். சின்னதை எடுத்து ஈயத்தை உருக்கி ஊற்றினேன். ஆறவிட்டு ஓட்டைத் திறந்தால் ஈயச் சோகி! அதன் மேலெல்லாம், நீர் வற்றிய வத்துக் கடலில் மணல் வரி போடுவதுபோல, ஓட்டின் வரிகள் நெளிநெளியாக விழுந்திருந்தன. நான் துள்ளினேன். அதுவரை என் கையால் நான் செய்த எதுவும் எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை.

மூசையைச் சாம்பலும் புளியும் போட்டு, கறிச்சட்டி கழுவுவதுபோல உரஞ்சிக் கழுவித் தட்டில் வைத்தேன்.

மாஸ்ரர் வந்து சோகியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வடிவாய்த்தான் இருக்கு. ஈயம்தானே? என்னத்திலை உருக்கினனீர்?"

"பால்மாப் பேணியிலை, மாஸ்ரர்" என்றேன்.

வெறும் பால்மாத் தகரத்தில் உருக்கினேன் என்றது ஏச்சுக்குப் பயந்து சொன்ன பொய். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

3. அளவெட்டியில்

அடுத்த கிழமை அளவெட்டியில் ஒரு பொன்னுருக்கு. கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டில், நல்ல நேரத்தில், பெரியவர்கள் முன்னிலையில் தாலிக்குரிய பவுண் காசை உருக்குவார்கள். பொன் ஒழுங்காகத் திரண்டால்தான் சபைக்கு நிம்மதி. ஊதுவதற்கு ஆள் வேண்டுமென்று மாஸ்ரர் என்னையும் கூட்டிப்போனார்.

மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. பெரியப்பா முறையான ஒருவர்தான் காசை எடுத்துக் கொடுத்தார். தாய் முன்னுக்கு வரவில்லை, அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். எத்தனையோ இடப்பெயர்வுகளில் அந்தக் காசை மடியில் முடிந்துகொண்டு ஓடியவர் அவர் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

மாஸ்ரர் தேங்காய்ச் சிரட்டைக்கரியில் மூசையை வைத்தார். நான் ஊதினேன். அது நான் கழுவி வைத்த சின்ன மூசை என்று கண்டேன். கண்டும் ஒன்றும் தோன்றவில்லை. கழுவிய சட்டியில் என்ன இருக்கும்? பொன் கலங்கி, மினுங்கி, ஒரு முத்தாகத் திரண்டது. "நல்லாய்த் திரண்டிட்டுது!" என்று பெரியப்பா சத்தமாகச் சொன்னார். தேங்காய் உடைத்தார்கள். வாசலில் நின்ற தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

4. வெடிப்பு

மறுநாள் காலை மாஸ்ரர் அந்தப் பொன்னைப் பட்டடையில் வைத்து அடித்தார். நாலாவது அடியில் ஓரம் வெடித்தது. நெருப்பில் காட்டிப் பதப்படுத்தி மறுபடி அடித்தார். வெடிப்பு நடு வரைக்கும் ஓடியது. அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"காசிலை கலப்பு. ஈயம் கலந்த பொன்தான் உப்பிடி வெடிக்கும். ஆரோ அந்த மனிசியை நல்லாய் ஏமாத்திப்போட்டாங்கள்."

நேற்றைய சின்ன மூசையை எடுத்து உள்ளே பார்த்தேன்.

"கழுவின மூசையிலை ஈயம் நிக்குமே, மாஸ்ரர்?" என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"மூசையின்ரை உள்பூச்சிலை ஊறி நிக்கும். தலைகீழாய் நிண்டு கழுவினாலும் போகாது. ஏன் கேக்கிறீர்?"

"சும்மாதான்" என்றேன். இரண்டாவது பொய்.

கலியாணத்துக்கு நாலு நாள் இருந்தது. சபையில் உருக்கிய பொன் வெடித்தது என்று வெளியே தெரிந்தால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? கலியாணமே நின்றுவிடலாம். காசு கள்ளக் காசு என்றால் மாப்பிள்ளை வீட்டாருக்கு மானக்கேடு. மாஸ்ரர் தாய்க்கு மட்டும் இரகசியமாக ஆள் அனுப்பினார்.

மத்தியானம் அந்த அம்மா வெய்யிலில் நடந்தே வந்தார். மாஸ்ரர் பொன்னைக் காட்டி, முடிந்தளவு தணிந்த குரலில் சொன்னார்.

"குறை நினையாதேங்கோ அம்மா. இது நல்ல காசில்லை."

அவர் மறுத்துப் பேசவில்லை. வெடித்த பொன்னைக் கையில் வாங்கிப் பார்த்தார். முகம் இருண்டு, வாங்குப் பலகையில் மெல்ல இருந்துவிட்டார். சண்டை பிடித்திருந்தால் நான் இன்னும் கொஞ்ச நேரம் ஒளித்திருப்பேனோ தெரியாது. அப்படிப் பேசாமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"காசிலை பிழையில்லை, அம்மா. நான்தான் அந்த மூசையிலை ஈயம் உருக்கினனான். மாஸ்ரருக்குப் பொய் சொல்லிப்போட்டன்."

மாஸ்ரரின் முகம் சிவந்தது. அறையப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அந்த அம்மாவைப் பார்த்தார்.

"என்ரை பட்டறையிலை நடந்த பிழை, அம்மா. மூசையைப் பாராமல் எடுத்தது நான். உங்கடை காசைப் பழிச்சதுக்கு என்னை மன்னிக்கவேணும்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நிண்டு அழாதையும். சந்தையிலை பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிற மனுசனிட்டைப் போய், நவச்சாரம் இருந்தால் கொஞ்சம் வாங்கிக்கொண்டு ஓடி வாரும்."

ஓடினேன். அந்த மனுசனிடம் ஒரு கடதாசிச் சுருளில் மிச்சமிருந்தது. ஏனென்று கேட்காமல் பாதியைத் தந்தார்.

"திரும்ப உருக்கலாமோ, மாஸ்ரர்?" என்று அந்த அம்மா கேட்டது நான் வந்தபோது காதில் விழுந்தது. மாஸ்ரர் வாய் திறக்குமுன் அவரே பதிலும் சொன்னார்: "பொன்னுருக்கு அண்டைக்கே நல்ல நேரத்திலை முடிஞ்சுது. இது பழுது பாக்கிறதுதானே. நீங்கள் செய்யுங்கோ."

வேறொரு மூசையில் பொன்னை உருக்கி, வெங்காரம் போட்டு, நவச்சாரத்தைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினோம். வெள்ளைப் புகை எழும்பியது. நவச்சாரம் ஈயத்தைப் பொன்னிலிருந்து பிரித்துப் புகையாகவும் கசடாகவும் வெளியே எடுத்துவிடும். இருமி இருமி நான் ஊதினேன். மூன்று முறை அப்படிச் செய்தோம். கடைசியில் மாஸ்ரர் சுத்தியலை என்னிடம் நீட்டினார்.

"நீரே அடியும்."

சுத்தியலை வாங்கினேன். முதல் அடி. இரண்டாவது. பத்தாவது அடிக்கும் ஓரம் வெடிக்கவில்லை. பொன் வெண்ணெய்போல விரிந்து போனது. மாஸ்ரர் அப்போதுதான் மூச்சு விட்டார்.

5. படலையடியில்

அந்த அம்மா புறப்பட்டபோது நான் பின்னால் போனேன். படலைக் கதவடியில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"மாஸ்ரர் காசிலை கலப்பு எண்டு சொன்னவுடனை என்ரை மனம் எங்கை போனது தெரியுமே, பிள்ளை? என்ரை மகன்ரை தேப்பனிட்டை. இவன் பிறந்த வருசம் அந்த மனுசன்தான் அந்தக் காசை வாங்கிக்கொண்டு வந்து என்ரை கையிலை வைச்சது. கள்ளக் காசைத் தந்து என்னை ஏமாத்திப்போட்டாரோ எண்டு ஒரு நிமிசம் நினைச்சுப்போட்டன். நீ வாய் திறவாட்டி, நான் சாகுமட்டும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன். செத்த மனுசன் எழும்பி வந்து இல்லையெண்டு சொல்லுமே?"

சொல்லிவிட்டு வெய்யிலில் இறங்கி நடந்தார்.

இப்போது என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளுக்கு நான் எதையும் செய்யாதே என்று சொல்வதில்லை. கணவாய் ஓட்டில் ஊற்றுங்கள், அரிதட்டை வெட்டுங்கள், வீட்டில் ஏச்சு வாங்குங்கள். எதை எதில் உருக்கினீர்கள் என்று கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள் என்பேன். பால்மாப் பேணி என்று நான் சொன்ன ஒரு சொல்லால், தன் பக்க நியாயத்தைச் சொல்ல வழியில்லாத ஒரு மனிதர், தன் மனைவியின் மனதிலேயே கள்ளனாக ஆகிவிட இருந்தார்.