கட்டுமரச் சீலையில் போட்ட டேரா

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். தர்காவில் ஓதி வாங்கிய தாயத்தை அம்மா என் கையில் கட்டினால், தெருமுனை தாண்டியதும் அவிழ்த்து ஜேபியில் போட்டுக்கொள்வேன். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் உதட்டைப் பிதுக்கினாலும் எனக்குக் கோபம் வராது. நம்பினால் நம்புங்கள், நடந்தது நடந்ததுதான்.

யுத்தம் முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. நானும் சபாபதியும் ஏழுமலையும் திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தோம். சபாபதி வாய்ச்சவடால் பேர்வழி. யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் கடற்கரையில் டேரா போட்டுத் தங்கியதைப் பார்த்ததிலிருந்து, தானும் ஒரு ராத்திரியாவது அப்படிப் படுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே திரிவான். ஏழுமலை வாயே திறக்க மாட்டான். மீன்பிடிக்கிற குடும்பம். தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்ச் சேர, அண்ணன்தான் சோறாக்கிப் போட்டு வளர்த்தான். இரண்டு பேரும் ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போவார்கள். ஒருநாள் ஏழுமலை இரண்டாம் ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு வந்து அசந்து தூங்க, பாவம் தூங்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ, அண்ணன் எழுப்பாமல் தனியாகப் போய்விட்டான். போனவன் போனவன்தான், மரமும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

அதற்குப் பிறகு ஏழுமலை கடல் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஆலைக்கு வந்ததும் அதனால்தான். ராத்திரியில் தூக்கம் கிடையாது, கண்ணை மூடினால் அண்ணன் கோபமாக வந்து நிற்கிறானாம். ஆள் துரும்பாகிவிட்டான்.

"நாமளே போய் ஒரு டேரா போட்டா இன்னா மாமு? இவனையும் இஸ்துகினு போலாம்" என்றான் சபாபதி. கடலோரம் ஒரு ராத்திரி எங்களோடு படுத்து எழுந்தால் இவன் பயம் தெளியும் என்று எனக்கும் பட்டது. டேராவுக்குத் துணி வேண்டுமே, எங்கள் மூஞ்சிக்கு யார் தருவார்கள்? கடைசியில் ஏழுமலையே வாயைத் திறந்தான்.

"அண்ணாத்தயோட பழைய பாய்ச்சீலை ஒண்ணு வூட்ல கீது. கட்டுமரத்துல காத்துக்குக் கட்றது, கெட்டித் துணி. எட்துகினு வரவா?"

அவன் வருகிறேன் என்றதே எங்களுக்குப் பெரிய விஷயம்.

ஒரு சனிக்கிழமை எண்ணூரில் ஓடம் பிடித்து, முகத்துவாரம் தாண்டி, காட்டுப்பள்ளிப் பக்கம் இறங்கினோம். சவுக்குக் கம்பை நட்டால் சாய்கிறது, கயிற்றை இழுத்தால் முளை மணலோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது, சபாபதி பட்டாள அதிகாரி மாதிரி அதட்டினானே தவிர ஒரு முடிச்சுகூடப் போடவில்லை. ஏழுமலை வந்து கட்டின பிறகுதான் நின்றது. வாசலில் ஓலைப் பாயை விரித்து, பக்கத்திலேயே சவுக்குச் சுள்ளியைக் கொளுத்தி மீன் சுட்டுத் தின்றோம். ஏழுமலையை நடுவில் போட்டுக்கொண்டு படுத்தோம். தீப்பெட்டி செய்கிற ஆட்கள், நெருப்பைச் சரியாக அணைக்காமல் படுத்தோம், எங்கள் புத்தியைப் பாருங்கள்.

சளார் என்று ஒரு சத்தம். மறுபடியும் சளார். துணி வழியாக என் முகத்தில் சொட்டியது. மழை என்று வெளியே ஓடி வந்தால் வானம் முழுக்க நட்சத்திரம். காற்று திரும்பியிருக்கிறது, வாசலில் ஓலைப் பாய் பற்றி எரிகிறது, பொறி பறந்து பறந்து டேரா மேல் விழுகிறது, விழுந்த இடத்திலேயே சுர் என்று அடங்குகிறது. துணி அந்தப் பக்கம் முழுக்கத் தொப்பலாக நனைந்திருந்தது. சபாபதியை எழுப்பி, இரண்டு பேருமாக மணலை வாரிக் கொட்டி அணைத்தோம். அப்புறம்தான் சுற்றிப் பார்த்தேன். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நடுவில் மணல் காய்ந்து கிடக்கிறது, எங்கள் காலடியைத் தவிர வேறு தடம் இல்லை. குடிக்கக் கொண்டுவந்த பானையில் தண்ணீர் குறையவே இல்லை. என் உதட்டில் பட்டதோ உப்புக் கரித்தது. என் கை ஜேபியில் தாயத்தைத் தேடியது, பொய் சொல்வானேன்.

உள்ளே ஏழுமலை ஈரத் துணியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணிலிருந்து தாரைதாரையாக வழிகிறது.

"சீலைய நனைக்கிறது என் வேலைடா காதரு. பாய்ச்சீலை காஞ்சி கெடந்தா காத்து பூந்து போய்டும். நான் பின்னால குந்திகினு கடல் தண்ணிய வாரி சீலை மேல அட்ச்சிகினே இர்ப்பேன். அண்ணாத்த மரத்த ஓட்டும். அன்னிக்கு நான் போவல. இன்னிக்கு என் வேலையயும் அண்ணாத்தயே செஞ்சிட்ச்சி பாரு" என்றவன், என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவமா கீறவன் இத்த செய்வானாடா?" என்று கேட்டான்.

"செய்ய மாட்டான்டா" என்றேன். பேய் பிசாசைப் பார்த்துச் சிரிக்கிற நானேதான் சொன்னேன். அவன் அப்படியே சுருண்டு படுத்தான், படுத்ததுதான் தெரியும், குழந்தை மாதிரி தூங்கிவிட்டான். சபாபதி நெருப்புக்குக் காவல் இருக்கிறேன் என்று வெளியே உட்கார்ந்தான். எனக்கும் கண் செருகியது.

விடிகிற நேரம் இருக்கும். என் தலைமாட்டில், துணிக்கு வெளியே இருந்து, "பையன் தூங்கிட்டானா?" என்று ஒரு குரல். சபாபதிதான் கேட்கிறான் என்று நினைத்து, கண்ணைத் திறக்காமலே, "தூங்கிட்டான், நீயும் போய்ப் படு" என்றேன். "சரி" என்று பதில் வந்தது.

வெளிச்சம் வந்து பார்த்தால் சபாபதி ஏழுமலைக்கு அந்தப் பக்கம் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். உலுக்கிக் கேட்டேன். "எவன் வெளிய இர்ந்தான்? பேஜாரா பூட்ச்சி, அப்பவே உள்ள பூந்துகினேன்" என்றான்.

ஏழுமலை ஆலையை விட்டுவிட்டு மறுபடியும் கடலுக்குப் போக ஆரம்பித்தான். உடம்பு தேறியது, கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் ஒரே ஒரு குறை மட்டும் சொல்வான்: "அன்னிலேந்து அண்ணாத்த கனவுல கூட வரமாட்டேங்குதுடா. ஒரு வாட்டி மூஞ்சியப் பாத்தா போதும்."

அன்றைக்கு அந்தக் குரலிடம் போய்ப் படு என்று சொன்னது நான்தானே. அதை ஏழுமலையிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.