ஒரே ஷிப்ட்

ஷிப்ட் என்றால் இடம் மாற்றுவது என்று எட்டாம் வகுப்பில் இங்கிலீஷ் டீச்சர் சொன்னபோது நான் நம்பவில்லை. எழுந்து நின்று, இல்லைங்க மிஸ், ஷிப்ட் என்றால் மில் வேலை என்றேன். வகுப்பில் பாதிப் பேர் மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள், அவர்களும் ஆமாம் போட்டார்கள். டீச்சர் மேசையைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, இதுதான் ஷிப்ட் என்று காட்டினார். ஒரு மேசையை நகர்த்த இங்கிலீஷ் எதற்கு என்று வாய்க்குள்ளேயே முனகினேன். வாய்க்கொழுப்பு எனக்கு அப்போதே உண்டு.

கோயமுத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கம், ஒரு நூல் மில்லை ஒட்டிய லைன் வீடுகளில் நாங்கள் இருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம். அங்கே இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே காலம் தள்ளிவிடலாம். காலை ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு வாருங்கள் என்றால் மாலை மூன்றரை. இந்த மாசம் எத்தனை ஷிப்ட் என்று கேட்டால் சம்பளத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். அவன் நம்ம ஷிப்ட் என்றால் நம்பி வீட்டுக்குள் விடலாம். குழாயில் தண்ணீர் பிடிக்கவும் ஷிப்ட் உண்டு. மாமியாரும் நாத்தனாரும் ஷிப்ட் போட்டுத் தன் உயிரை எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் புலம்புவாள். சாமான்களை லாரியில் ஏற்றி வேறு வீட்டுக்குப் போனாலும் ஷிப்ட், ஆஸ்பத்திரியில் ஆளைப் பெரிய வார்டுக்குக் கொண்டுபோனாலும் ஷிப்ட். பிற்பாடு டைப்ரைட்டிங் வகுப்பில் சுண்டுவிரலால் ஷிப்ட் கட்டையை அமுக்கியபோது மெஷினில் ஒரு பாகமே மேலே எழும்பியது, பெரிய எழுத்து விழுந்தது. டீச்சர் சொன்னது சரிதான் என்று அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டேன்.

ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் வேறு. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து இருக்க மாட்டார்கள் என்பதுதான் அது.

இருவருக்கும் ஒரே மில். அம்மா ரீலிங்கில், அதாவது நூலைச் சுற்றிச் சிட்டம் போடுகிற பிரிவில் இருந்தாள். பெண்களுக்குப் பகல் ஷிப்ட் மட்டும்தான். காலை ஏழு மணிச் சங்குக்கு உள்ளே போனால் மூன்றரைச் சங்குக்கு வெளியே வருவாள். அப்பாவுக்கு அரை நைட். அந்த மூன்றரைச் சங்குக்கு உள்ளே போய் நடுராத்திரி வெளியே வருகிற ஷிப்ட் அது. சினிமாவுக்குப் போக முடியாது, விசேஷத்துக்குப் போக முடியாது என்று எல்லோரும் தட்டிக் கழிக்கிற அரை நைட்டை அப்பா நிரந்தரமாக எனக்கே போடுங்கள் என்று கேட்டு வாங்கியிருந்தார். பிள்ளைகளை ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துக்கொள்ள அதைவிட வழி இல்லை. காலையில் எனக்கும் தம்பிக்கும் தலை வாரி, சோறு கட்டி, பள்ளிக்கூடம் அனுப்புவது அப்பா. சாயங்காலம் வந்ததிலிருந்து அம்மா. அப்பா வந்து படுக்கும்போது அம்மா அசந்து தூங்குவாள். அம்மா எழுந்து கிளம்பும்போது அப்பா அசந்து தூங்குவார்.

வார லீவும் பிரிவுக்கு ஒரு நாள். அம்மாவுக்குப் புதன், அன்றைக்குத்தான் ரேஷன் கடை, மாவு மில், மூட்டைத் துணி எல்லாம். அப்பாவுக்கு வெள்ளி, அன்றைக்கு அவர் கிணத்துக்கடவுக்குப் போய்த் தோப்பு வேலையில் இருந்த தன் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைகூட எங்களுக்கு ஷிப்ட்தான். அப்பா எங்களைக் காலைப் பூசைக்குக் கூட்டிப்போவார். அம்மா வேலை விட்டு வந்து சாயங்காலப் பூசைக்குத் தனியாகப் போவாள். உங்கள் வீட்டுக்காரர் யார் என்று மாதா கோயிலில் ஒருத்தி கேட்டே விட்டாளாம். அதை அம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் மில் கேட்டில். மூன்றரைச் சங்கு ஊதினதும் அம்மா வெளியே வருவாள், அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பார். கேட் சாத்துவதற்குள் சில நிமிஷங்கள் கிடைக்கும். லீவு நாட்களில் அப்பாவோடு நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். ரீலிங்கில் மற்ற பெண்கள் தலையெல்லாம் பஞ்சும் தூசுமாக அப்படியே வருவார்கள். அம்மா மட்டும் பஞ்சைத் தட்டி, முகம் கழுவி, பொட்டைச் சரிசெய்துகொண்டு வருவாள். தம்பிக்கு இருமல், பருப்பு தீர்ந்துவிட்டது, வாடகை கேட்டார்கள் என்று மடமடவென்று சொல்லிக்கொள்வார்கள். நடுவில் அப்பா ஏதாவது கிண்டல் செய்வார், அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். எனக்குத் தெரிந்து அந்தக் கேட்டில் அவர்கள் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை.

ஒரே ஷிப்ட்டுக்கு மாறிவிட வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே ஆசை. நகை கேட்டதில்லை, நல்ல சேலை கேட்டதில்லை. இவன் நடக்கட்டும், இவன் பள்ளிக்கூடம் சேரட்டும், இவள் பத்தாவது முடிக்கட்டும் என்று அது தள்ளிக்கொண்டே போனது. நான் பத்தாவது எழுதி முடித்த கோடையில் அப்பா டைம் ஆபீஸில் கேட்டு, எப்படியோ பகல் ஷிப்ட் வாங்கிவிட்டார்.

முதல் நாள் காலையில் அம்மா தலையில் பூ. அப்பா சைக்கிளின் பின்னால் அவள் ஏறி உட்கார்ந்ததை லைனே வாசலுக்கு வந்து பார்த்தது. புதுப் பொண்ணு மாப்பிள்ளை கிளம்பியாச்சு என்று ஒருவர் விடாமல் கேலி பேசினார்கள். அம்மாவுக்கு வெட்கமான வெட்கம். சாயங்காலம் நாலு பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். அந்த அறையில் நாலு பேர் சேர்ந்து உட்கார இடம் இல்லை என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. தம்பி வாசற்படியில் தட்டை வைத்துக்கொண்டான். அப்பாவும் அம்மாவும் ஒருவர் தட்டை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பேச்சு வரவில்லை. தம்பிக்கு இருமல் இல்லை, பருப்பும் இருந்தது.

வாரம் திரும்புவதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அப்பா உப்பு டப்பாவை ஒரு இடத்தில் வைப்பார், அம்மா வேறு இடத்தில் வைப்பாள். இத்தனை நாளும் வைத்தவர் வீட்டில் இல்லாததால் மற்றவர் பேசாமல் எடுத்து மாற்றிவிட்டு வேலையைப் பார்த்தார். இப்போது வைத்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். விளக்கை அணைத்தால் அப்பாவுக்குத் தூக்கம் வராது, அவர் உடம்பு அரை நைட்டுக்குப் பழகியது. அவர் வெளியே போவதும் வருவதுமாக இருக்க, அம்மாவும் தூங்க முடியாமல் எழுந்து உட்காருவாள். காலையில் அப்பா எங்களுக்கு டீயில் மூன்று கரண்டிச் சர்க்கரை போட்டே வளர்த்திருக்கிறார் என்று அம்மா கண்டுபிடித்தாள். சாயங்காலம் அம்மா தம்பியை அடிப்பாள் என்று அப்பா கண்டுபிடித்தார்.

ஒரு நாள் அம்மா பொறுக்காமல் சொன்னாள். "இத்தன வருசமா இந்த ஊட்ட நாந்தானுங்க கட்டி மேச்சேன். இப்ப வந்து எனக்குச் சொல்லிக் குடுக்கறீங்க."

"பகல்ல பாத்தது ஆரு?" என்றார் அப்பா.

இரண்டு பேரும் சொன்னது நிசம். அதுதான் கொடுமை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக இரண்டு குடித்தனம் நடத்தியிருந்தார்கள். எனக்கும் தம்பிக்கும் இரண்டும் பழக்கம், அவர்களுக்குத்தான் மற்றவர் குடித்தனம் தெரியாது.

மழைக்காலம் தொடங்கும்போது அப்பா திரும்ப அரை நைட்டுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அதை அவர் சொன்னபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். செரிங்க என்றாள், அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்பா பகல் ஷிப்ட்டிலேயே இருந்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. ஒருவேளை அவரும் அந்தக் கேள்விக்காகக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாரோ என்னவோ. பிறகு கை கால் கழுவப் போய்விட்டார்.

வீட்டில் சண்டை நின்றது. சில வருஷத்தில் மில்லே மூடிவிட்டது. அம்மா ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பிக் காயில் சுற்றப் போனாள். அப்பாவுக்குப் பகல் வேலை ஒன்று கிடைத்தது. அதை வேண்டாம் என்றுவிட்டு ஒரு குடோனில் ராத்திரி வாட்ச்மேனாகச் சேர்ந்தார். பகல் வேலைக்குச் சம்பளம் கொஞ்சம் கூடவே இருந்தது. அதையும் அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது, கோயிலில் பழக்கமான ஒரு அம்மா நல்ல இடம் ஒன்று கொண்டுவந்தார். பையன் ஈரோட்டுப் பக்கம் ஒரு பெரிய மில்லில் வேலை. குடி கிடையாது, சொந்த வீடு உண்டு. நிரந்தரமாக நைட் ஷிப்ட் என்பதால் கையில் கூடுதலாகவே வரும் என்றார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பையனின் அப்பா யார், எந்தப் பங்குக் கோயில் என்று ஆவலாக விசாரித்துக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

அம்மா காபி டம்ளரை வந்தவரிடம் கொடுத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள். "ஷிப்டுக்குப் போற மாப்ள வேண்டாங்க அக்கா. சம்பளம் கொறஞ்சாலும் பரவால்லீங்க, பொழுதாச்சுன்னா ஊட்டுல இருக்கற ஆளாப் பாருங்க."

வந்தவர் அப்பாவைப் பார்த்தார். நானும் அப்பாவைத்தான் பார்த்தேன். அவர் முன்னால் அம்மா எதையும் மறுத்துப் பேசி நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. கோபப்படுவார், நமக்கு என்ன குறைச்சல், நாம் வாழவில்லையா என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ சொல்றதுதானுங்க செரி" என்றார். "நாங்க வாழ்ந்தது போதுமுங்க. எம்புள்ளைக்கு வேற மாதிரி பாருங்க."

சத்தம் போடாமல், சண்டை போடாமல், அப்படியே ஒத்துக்கொண்டார். அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். நாமும் நன்றாகத்தானே வாழ்ந்தோம் என்று அவர் மறுப்பார் என எதிர்பார்த்துத்தான் அவள் அதைச் சொல்லியிருக்கிறாள். அது எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது, அவருக்குப் புரியவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அவள் அடுப்படிக்குள் போனாள். உள்ளே அழுகிற சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

அப்பா எழுந்து அடுப்படி வாசல் வரைக்கும் போனார். அதற்கு மேல் உள்ளே போகாமல், மில் கேட்டில் நிற்கிற மாதிரி அங்கேயே நின்றார்.